நீல மாத்திரைக்குள் இருக்கும் ஆசிட்

இது கொஞ்சம் நீண்ட பதிவு. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

போன வாரம் என்னிடம் படித்த ஒரு பெண் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். பெயர் சொல்ல மாட்டேன். பாகூர் பக்கம் வாழ்க்கைப்பட்டவள், இப்போது மூன்று மாதம். படத்தில் ஒரு சிவப்பு மாத்திரை அட்டையின் பின்பக்கம். கூடவே குரல் பதிவு: "டீச்சர், இதுல ஃபோலிக் ஆசிட்னு போட்ருக்கு. எங்க அத்தை, ஆசிட்ட போய் வயித்துப் புள்ளைக்குக் குடுப்பாங்களான்னு கேக்கறாங்க. எடுத்து வெச்சுட்டாங்க. போடறதா வேணாமா?"

உடனே போன் போட்டு, "போடும்மா. சந்தேகம் இருந்தா அந்த நர்ஸம்மாகிட்டயே கேளு, அத்தையையும் கூட்டிக்கிட்டுப் போ" என்று சொன்னேன். ஆனால் அந்த அம்மா கேட்ட கேள்வி மனதை விட்டுப் போகவில்லை. அதற்கு ஒரு வரியில் பதில் சொன்னது எனக்கே போதவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், அந்த மாமியாரைப் பார்த்து யாரும் சிரிக்காதீர்கள். நம் ஊரில் ஆசிட் என்றால் என்ன? கக்கூஸ் கழுவ பாட்டிலில் விற்பது. பேட்டரிக்கு ஊற்றுவது. பத்தர் பட்டறையில் நகையை முக்கி எடுப்பது. பேப்பரில் வருகிற கொடுமைகள் வேறு. என் சின்ன வயதில் பெரியவர்கள் இதைத் திராவகம் என்பார்கள், சொல்லும்போதே கையைப் பின்னால் இழுத்துக்கொள்வார்கள். வகுப்பில் நாங்கள் அமிலம் என்று சொல்லிக் கொடுத்தோம். அமிலத்துக்கு எதிர் காரம் என்று கரும்பலகையில் எழுதி முடிப்பதற்குள் கடைசி பெஞ்சிலிருந்து "மிளகா காரமா டீச்சர்?" என்று ஒரு குரல் வரும். அந்தக் குரல் யாருடையது என்று எனக்கு இன்றைக்கும் தெரியும். அவரும் இதைப் படிப்பார்.

செம்பருத்திப் பூவைக் கசக்கி எடுத்த சாற்றில் எலுமிச்சம்பழம் பிழிந்தால் செக்கச் சிவப்பாவதைப் பார்த்தீர்களே, ஞாபகம் இருக்கிறதா? அமிலம் என்றால் புளிப்பு என்றுதான் பொருள். எலுமிச்சையில் சிட்ரிக் அமிலம், புளியில் டார்டாரிக் அமிலம், தயிரில் லாக்டிக் அமிலம். நம் வயிற்றில் சுரப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம், கடையில் கழுவ விற்கிற அதே சரக்குதான், அளவும் வீரியமும் வேறு. நாம் சாப்பிடும் பருப்பும் மீனும் முட்டையும் உடம்புக்குள் போய் அமினோ அமிலங்களாகப் பிரிகின்றன. அப்பா மூக்கு பிள்ளைக்கு வருவதற்குக் காரணமான டி.என்.ஏ.வின் முழுப் பெயரிலும் அமிலம் இருக்கிறது. 1869-ல் ஃபிரெடரிக் மீஷர் என்ற இளம் மருத்துவர், ஜெர்மனியில் டூபிங்கன் என்ற ஊரில், ஆஸ்பத்திரியில் கழற்றிப் போட்ட கட்டுத்துணிகளில் இருந்த சீழிலிருந்து அதை முதலில் பிரித்தெடுத்தார். சீழிலிருந்து! யாரும் தொட மாட்டோம் என்று ஒதுக்குவதில்தான் பல சமயம் விஷயம் இருந்திருக்கிறது.

ஃபோலிக் அமிலத்துக்கு வருகிறேன். அதற்கு முன் நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய சில ஆண்டுகள், வாரம் ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நீல மாத்திரை கொடுக்கும் பொறுப்பு என்னிடம் இருந்தது. இரும்புச் சத்தும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரை. நாடு முழுக்க வந்த திட்டம். சின்னப் பிள்ளைகளுக்கு ரோஸ் நிறம், வளர்ந்த பிள்ளைகளுக்கு நீலம், கர்ப்பிணிகளுக்குச் சிவப்பு. ஆசிரியர் கண்ணெதிரே விழுங்க வைத்து, பதிவேட்டில் குறிக்க வேண்டும். நானும் குறித்தேன். ஒருநாள் மழை விட்டபின் மதில் ஓரமாக வேப்பமரத்தடிக்குப் போனேன். மண்ணெல்லாம் நீலம் நீலமாகக் கரைந்து கிடந்தது. பிள்ளைகள் நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு போய் அங்கே துப்பியிருக்கிறார்கள். எத்தனை வாரமாகவோ. என் பதிவேட்டில் எல்லோரும் விழுங்கியதாக என் கையெழுத்தில் இருந்தது.

ஏன் துப்பினார்கள் என்று விசாரித்தேன். வாய் கசக்கிறது, வயிறு புரட்டுகிறது, மறுநாள் கருப்பாகப் போகிறது, இது குடும்பக் கட்டுப்பாடு மாத்திரை என்று எதிர்வீட்டு அக்கா சொன்னார். இப்படிப் பல காரணங்கள். அவர்களைத் திட்டினேன். ஆனால் இது என்ன மாத்திரை, யார் கண்டுபிடித்தது, எதற்கு என்று நான் ஒரு நாளும் சொல்லிக் கொடுத்ததில்லை. எனக்கே தெரியாது என்பதுதான் காரணம். ஓய்வுக்குப் பிறகுதான் தேடித் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க வெட்கமாக இருந்தது, ஏனென்றால் இந்தக் கதையில் பாதி நம் நாட்டில், அதிலும் சென்னையில் நடந்தது.

1928-ல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். கேம்பிரிட்ஜில் தாவரவியலும் நிலவியலும் படித்துவிட்டு, பிறகு லண்டனில் மருத்துவம் படித்தவர். வயது நாற்பது. இந்தியாவில் ஏழைப் பெண்கள், குறிப்பாகத் துணி மில்லில் வேலை பார்த்த பெண்கள், கர்ப்ப காலத்தில் ரத்தசோகை முற்றி இறந்துகொண்டிருந்தார்கள். பிரசவ மரணங்களை ஆராய அன்றைய இந்திய ஆராய்ச்சி நிதிக் கழகம் ஒரு விசாரணை தொடங்கியிருந்தது. இன்றைய இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பழைய பெயர்தான் அது. அதற்காக மார்கரெட் பால்ஃபோர் என்ற இன்னொரு பெண் மருத்துவர் லூசி வில்ஸை அழைத்தார். பம்பாயின் ஹாஃப்கின் ஆய்வகத்தில் வேலை.

மில் என்றதும் எனக்கு நம் பாண்டி மில்கள்தான் ஞாபகம் வருகின்றன. அதே காலம்தான். 1936 ஜூலை 30-ல் சவானா மில்லில் சுடப்பட்டு இறந்த பன்னிரண்டு தொழிலாளர்களை வருடா வருடம் நினைக்கிறோம். எட்டு மணி நேர வேலை கேட்டவர்கள் அவர்கள். அப்படி நெடுநேரம் நின்று வேலை பார்த்து, வீட்டுக்கு வந்து எல்லோருக்கும் போட்டுவிட்டு மிச்சம் இருந்ததைத் தின்ற பெண்களின் ரத்தத்தை அந்தக் காலத்தில் யார் பார்த்திருப்பார்கள்? லூசி வில்ஸ் பம்பாயில் பார்த்தார்.

பார்த்ததில் ஒரு விசித்திரம் தெரிந்தது. இரும்புச் சத்து குறைந்தால் ரத்த அணுக்கள் சிறுத்து வெளுத்துப்போகும். இந்தப் பெண்களில் பலருக்கு அணுக்களின் எண்ணிக்கை குறைந்திருந்தது, ஆனால் ஒவ்வொரு அணுவும் வழக்கத்தைவிடப் பெரிதாக ஊதியிருந்தது. இரும்பு கொடுத்தும் சரியாகவில்லை. அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று விசாரித்தார். கீரை, காய், பால், பழம் எதுவும் கிட்டத்தட்ட இல்லாத சாப்பாடு. மிக ஏழ்மையான முஸ்லிம் குடும்பப் பெண்களிடம் நோய் அதிகம். சாப்பாட்டில் ஏதோ ஒன்று இல்லை என்று முடிவு செய்தார்.

அந்த ஏதோ ஒன்று எது? எலிகளுக்கு அதே சாப்பாட்டைக் கொடுத்துப் பார்த்தார். எலிகளுக்கும் சோகை வந்தது. ஆனால் அது எலிப் பேன் மூலம் பரவிய ஒரு கிருமியாலும் வந்திருக்கிறது என்று பிற்பாடு தெரிந்தது. பாவம், எத்தனை மாத உழைப்பு! பிறகு குரங்குகளிடம் சோதித்தார். 1929-ல் சில மாதங்கள் நீலகிரியில் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் வேலை. அங்கேதான் மெக்காரிசன் இந்தியச் சாப்பாடுகளை ஒப்பிட்டு ஆராய்ந்துகொண்டிருந்தார். 1931 தொடக்கத்தில் சென்னையில், திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியில் இருந்தார். நம்மில் பலர் அங்கே பிரசவம் பார்க்கப் போயிருப்போம், இப்போது அரசு கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை. அந்தப் பக்கம் போகும்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

அவருக்குக் கிடைத்த மருந்து மார்மைட். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்குத் தெரியும், ரொட்டியில் தடவித் தின்கிற கருப்பு விழுது. பீர் காய்ச்சியபின் மிஞ்சும் ஈஸ்டிலிருந்து செய்வது. அந்த நாளில் ரத்தசோகைக்கு ஈரல் சாறுதான் பெரிய மருந்து, ஆனால் விலை அதிகம். மார்மைட் மலிவு. சோகை முற்றிய கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தார், சில நாட்களிலேயே ரத்தம் ஊறத் தொடங்கியது. 1931-ல் இங்கிலாந்தின் மருத்துவ இதழில் எழுதினார். ஈஸ்டிலும் ஈரலிலும் இருந்த அந்தப் பெயர் தெரியாத பொருளுக்கு "வில்ஸ் பொருள்" என்று மற்றவர்கள் பெயர் வைத்தார்கள். என்ன பொருள் என்று அவருக்குத் தெரியாது. ஆனால் நோயாளி பிழைப்பது தெரிந்தது. சுத்தப்படுத்திய ஈரல் சாறு வேறொரு வகைச் சோகையைக் குணப்படுத்தியும் இந்தப் பெண்களைக் குணப்படுத்தாததைக் கவனித்து, இது இரண்டும் வேறு வேறு பொருள் என்றும் காட்டினார். அந்த இன்னொன்றுதான் பின்னால் பி12 ஆனது. இதைக் கண்டுகொண்டது சாதாரண விஷயமில்லை.

1941-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் மிட்செல், ஸ்னெல், வில்லியம்ஸ் என்ற மூவர் ஸ்பினாச் கீரையிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தார்கள். நம் சந்தையில் இப்போது பாலக் என்று கட்டுகிறார்களே, அந்தக் கீரை. கீரை எவ்வளவு தெரியுமா? நான்கு டன்! ஒரு லாரி நிறைய. அதிலிருந்து கிடைத்தது துளி. இலையிலிருந்து வந்ததால், லத்தீனில் இலை என்று பொருள்படும் ஃபோலியம் என்ற சொல்லை வைத்து ஃபோலிக் அமிலம் என்று பெயர் கொடுத்தார்கள். தமிழில் சொன்னால் இலை அமிலம். அத்தையிடம் இந்தப் பெயரைச் சொல்லும்மா, கீரைக்கு யார் பயப்படுவார்கள்?

இனிதான் எனக்குப் பிடித்த மனிதர் வருகிறார். எல்லாப்ரகடா சுப்பாராவ். 1895-ல் அன்றைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில் பிறந்தவர். படிப்பு சுலபமாக வந்தவர் இல்லை. சிறுவனாக இருக்கும்போதே காசிக்குப் போய் யாத்ரீகர்களுக்கு வாழைப்பழம் விற்றுச் சம்பாதிக்கலாம் என்று வீட்டை விட்டு ஓடினார், அம்மா பிடித்து வந்துவிட்டார். மெட்ரிகுலேஷனில் மூன்றாவது முறைதான் தேறினார், திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து. கோஷா ஆஸ்பத்திரிக்கும் அதற்கும் நடந்து போகிற தூரம்தான். லூசி வில்ஸும் சுப்பாராவும் அங்கே சந்தித்ததில்லை. 1931-ல் அவர் அமெரிக்காவில் இருந்தார்.

பிறகு சென்னை மருத்துவக் கல்லூரி. காந்தி சொன்னார் என்று அறுவைச் சிகிச்சை வகுப்புக்குக் கதர் அங்கி போட்டுக்கொண்டு போனார். ஆங்கிலேயப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. நன்றாக எழுதியும் எம்.பி.பி.எஸ். கிடைக்காமல், அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். பட்டம்தான் கிடைத்தது. சென்னையில் டாக்டர் லட்சுமிபதியின் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு சொல்லிக் கொடுத்தார்.

அந்தக் காலத்தில் அவர் வீட்டில் ஒரு பேரிடி விழுந்தது. இரண்டு சகோதரர்கள் குறுகிய இடைவெளியில் இறந்தார்கள். நோயின் பெயர் ஸ்ப்ரூ. சாப்பிட்டது உடம்பில் ஒட்டாமல் வயிற்றுப்போக்காகப் போய், வாய் புண்ணாகி, ரத்தம் வற்றி, எலும்பும் தோலுமாகச் சாகிற நோய். அவருக்கும் அது வந்தது. லட்சுமிபதியின் ஆயுர்வேத வைத்தியத்தில் பிழைத்தார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1922-ல் பாஸ்டன் போய்ச் சேர்ந்தார். ஹார்வர்டில் படிப்பு, ஆனால் கையில் காசில்லை. ராத்திரியில் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் மலச்சட்டி கழுவும் வேலை. பிறகு ஃபிஸ்கே என்ற பேராசிரியரிடம் சேர்ந்து, ரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க 1925-ல் ஒரு முறை கண்டுபிடித்தார். கந்தக அமிலத்தில் மாலிப்டேட் சேர்த்து, பிறகு இன்னொரு அமிலத்தைச் சொட்டுவிட்டால் நீல நிறம் வரும். நீலம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு பாஸ்பரஸ். கல்லூரியில் உயிர்வேதியியல் படித்த நம் பிள்ளைகள் இதைச் செய்திருப்பீர்கள். ஃபிஸ்கே–சுப்பாராவ் முறை என்று பெயரையும் எழுதியிருப்பீர்கள். அந்தச் சுப்பாராவ் இவர்தான்.

இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு தசைக்குள் தேடினார்கள். தசை வேலை செய்வதற்குச் சக்தி எங்கிருந்து வருகிறது என்பதற்கு அப்போது லாக்டிக் அமிலத்தைத்தான் காரணமாகச் சொன்னார்கள், அந்த ஆராய்ச்சிக்கு நோபல் பரிசே கொடுத்திருந்தார்கள். இவர்கள் 1927-ல் பாஸ்போகிரியேட்டினையும் 1929-ல் ஏ.டி.பி.யையும் தசையில் கண்டுபிடித்தார்கள். ஏ.டி.பி.யை ஜெர்மனியில் லோமன் என்பவரும் அதே ஆண்டு தனியாகக் கண்டுபிடித்தார். இன்று பத்தாம் வகுப்புப் பிள்ளைகூட ஏ.டி.பி. என்றால் செல்லின் சக்தி நாணயம் என்று எழுதுகிறது. ஆனால் சுப்பாராவுக்கு ஹார்வர்டில் நிரந்தர வேலை கிடைக்கவில்லை. அவருடைய பல முடிவுகள் வெளிவராமலே போயின, பிற்பாடு வேறு ஆட்கள் மறுபடி கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அவரோடு வேலை பார்த்த ஹிட்சிங்ஸ் நோபல் பரிசு வாங்கியவர், அவரே இதைச் சொல்லியிருக்கிறார்.

1940-ல் லெடர்லே என்ற மருந்துக் கம்பெனியில் முழுநேரமாகச் சேர்ந்து ஆராய்ச்சிக்குத் தலைமை ஏற்றார். ஈரலிலிருந்தும், நுண்ணுயிர்களிலிருந்தும் அந்த இலை அமிலத்தைச் சுத்தமாகப் பிரிக்க அவருடைய குழு போராடியது. அந்தப் பொருள் மூன்று துண்டுகள் சேர்ந்தது என்று கண்டார்கள். ஒன்று டெரிடின். இரண்டாவது பாரா அமினோ பென்சாயிக் அமிலம். மூன்றாவது குளூட்டமிக் அமிலம், பருப்பிலும் மீனிலும் நிறைய இருக்கிற அமினோ அமிலம். 1945-ல் கீரையும் ஈரலும் இல்லாமல் ஆய்வகத்திலேயே அதைச் செய்து காட்டினார்கள். அந்தக் கட்டுரையில் பதினாறு பெயர்கள், அதில் சுப்பாராவ் ஒருவர். நான்கு டன் கீரை தேவைப்பட்ட பொருள் அதற்குப் பிறகு மஞ்சள் தூளாகக் கிலோ கணக்கில் வந்தது.

டாம் ஸ்பைஸ் என்ற அமெரிக்க மருத்துவர் அதை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். ஊதிப்போன அணுக்களைக் கொண்ட சோகை குணமானது. அடுத்து கியூபாவில் ஸ்ப்ரூ நோயாளிகளுக்கும் கொடுத்தார். தேறினார்கள். ஆமாம், அதே ஸ்ப்ரூதான். சகோதரர்கள் செத்து கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. இந்தச் சேதி வந்தபோது அவர் என்ன நினைத்திருப்பார் என்று நான் பல ராத்திரி யோசித்திருக்கிறேன். அவர் ஊருக்குத் திரும்பவே இல்லை. கல்யாணமாகி மூன்று வருடத்தில் விட்டுவிட்டுப் போன மனைவியை மறுபடி பார்க்கவில்லை. அவர் அமெரிக்கா போனபின் பிறந்த மகன் குழந்தையிலேயே இறந்துவிட்டான். அந்த மனைவியின் கதையை யாராவது எழுத வேண்டும்.

அணுக்கள் ஏன் ஊதின என்று கேட்பீர்கள். நம் எலும்பு மஜ்ஜையில் ஒரு நொடிக்கு இருபது லட்சம் சிவப்பணுக்கள் பிறக்கின்றன. ஒரு செல் இரண்டாகப் பிரிய வேண்டுமென்றால் தன் டி.என்.ஏ.வை இரட்டிப்பாக்க வேண்டும். அதற்கு வேண்டிய செங்கற்களைச் செய்யும் வேலையில் ஃபோலிக் அமிலம் சித்தாள் மாதிரி. சித்தாள் வரவில்லை என்றால் கொத்தனார் சும்மா நிற்பார். செல் வளர்ந்துகொண்டே போகும், பிரிய முடியாது. பெரிதாக, கொஞ்சமாக, சீக்கிரம் உடைகிற அணுக்கள்தான் கிடைக்கும். வயிற்றில் பிள்ளை வளரும்போது தாய் உடம்பில் எங்கு பார்த்தாலும் செல்கள் பிரிந்துகொண்டிருக்கும். அதனால்தான் அந்த நேரத்தில் தேவை கூடுகிறது.

இதையே திருப்பிப் பார்த்தது யார் தெரியுமா? பாஸ்டனில் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர். ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு ஃபோலிக் அமில வகைகளைக் கொடுத்தபோது நோய் வேகமெடுத்ததாகத் தோன்றியது. அப்படியென்றால் அந்த அமிலம் கிடைக்காமல் செய்தால்? சுப்பாராவின் குழு ஃபோலிக் அமிலம் போலவே வேஷம் போட்ட ஒரு பொருளைச் செய்து கொடுத்தது. அமினோப்டெரின். செல் ஏமாந்து அதை எடுத்துக்கொள்ளும், வேலை நடக்காது. 1948 ஜூனில் ஃபார்பர் வெளியிட்டார்: பதினாறு குழந்தைகளில் பத்துப் பேருக்கு நோய் தற்காலிகமாகப் பின்வாங்கியது. சில மாதங்கள்தான். ஆனால் அதுவரை ரத்தப் புற்றுநோய்க் குழந்தைக்கு ஒரு மாதம்கூட யாரும் வாங்கித் தந்ததில்லை. அதன் தம்பிதான் மெத்தோட்ரெக்சேட். இன்றும் புற்றுநோய்க்கும், வாரம் ஒரு நாள் என்ற கணக்கில் மூட்டுவாதத்துக்கும் கொடுக்கிறார்கள். நம் உறவில் ஒரு அண்ணி அதைச் சாப்பிடுகிறார். வேறொரு நாளைக்கு ஃபோலிக் அமிலமும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். "ஒண்ணு கொல்லுது, ஒண்ணு தேத்துது, என்னடி வைத்தியம் இது" என்று சிரித்தார். அண்ணி, அதன் காரணம் இதுதான். வார மாத்திரையைத் தப்பித் தவறியும் தினம் போட்டுவிடாதீர்கள், அது ஆபத்து.

சுப்பாராவ் 1948 ஆகஸ்டில் தூக்கத்திலேயே இறந்தார். வயது 53. ஃபார்பரின் கட்டுரை வந்து இரண்டு மாதத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் ஆகியிருந்தது. 1995-ல் நம் அரசு அவருக்குத் தபால்தலை வெளியிட்டது. நான் அந்த ஆண்டும் பள்ளிக்கூடத்தில்தான் இருந்தேன். தபால்தலையைப் பார்த்த ஞாபகமில்லை.

பாண்டிக்காரர்களுக்கு இவர் இன்னொரு வகையிலும் சொந்தம். யானைக்கால் நோய் நம் பக்கம் எப்படி இருந்தது என்று பெரியவர்களைக் கேளுங்கள். அதையும் கொசுவையும் ஒழிக்கத்தான் 1975-ல் கடத்திகள் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் பாண்டியில் வந்தது. யானைக்கால் கிருமிக்குக் கொடுக்கும் டி.இ.சி. மாத்திரை 1947-ல் சுப்பாராவ் தலைமையில் லெடர்லே ஆய்வகத்தில் பிறந்தது. அந்த மாத்திரையை வாங்கி ஜன்னல் வழியாக வீசியவர்களும் நம்மில் உண்டு.

லூசி வில்ஸ் 1964-ல் காலமானார். அதற்குப் பின் நடந்த பெரிய விஷயம் ஒன்று. 1991-ல், ஏழு நாடுகளில் நடந்த ஒரு சோதனையின் முடிவு வந்தது. முதுகுத்தண்டு, மூளை சரியாக மூடாமல் பிறந்த குழந்தையைப் பெற்ற தாய்மார்கள், அடுத்த கர்ப்பத்துக்கு முன்னிருந்தே ஃபோலிக் அமிலம் சாப்பிட்டால், மறுபடி அப்படிப் பிறப்பது 72 சதவீதம் குறைந்தது. பலன் அவ்வளவு தெளிவாக இருந்ததால் சோதனையை முன்கூட்டியே நிறுத்தினார்கள். அந்தத் தண்டு மூடுவது கரு உருவான நான்கு வாரத்துக்குள். அதாவது பல பெண்களுக்கு நாள் தள்ளியிருக்கிறது என்றே தெரிவதற்குள். அதனால் பிள்ளைக்குத் திட்டமிடுகிறவர்கள் முன்னாலேயே மருத்துவரிடம் கேட்டுத் தொடங்குவது நல்லது. கல்யாணமான என் மாணவிகள் இதைக் கவனியுங்கள். மாணவர்களும்தான், வீட்டில் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்.

என் பெரியம்மா ஒருவர் நாலாவது பிரசவத்தில் இறந்தார், நான் பிறப்பதற்கு முன்னால். "அவ உள்ளங்கை வெள்ளத் துணியாட்டம் இருந்துச்சு" என்று ஆயா சொல்வார். கீரை வீட்டுக் கொல்லையிலேயே இருந்தது. முதலில் ஆம்பளைகள், பிறகு பிள்ளைகள், கடைசியில் அவர் என்ற வரிசையில் சட்டியில் என்ன மிஞ்சியிருக்கும்? போதாததற்கு ஃபோலிக் அமிலம் கொதிக்கக் கொதிக்க அழியும், வடித்துக் கொட்டும் தண்ணீரோடும் போகும். முருங்கைக் கீரை, பயறு, உளுந்து எல்லாம் நல்லவைதான், சாப்பிடுங்கள். ஆனால் கர்ப்ப காலத்துக்கு அது மட்டும் போதாது என்பதால்தான் மாத்திரை.

இப்போது அத்தைக்கு நேரடியாகப் பதில். ஆமாம் அம்மா, அது ஆசிட்தான். ஒரு கிராமை இரண்டாயிரம் பங்காகப் பிரித்தால் ஒரு பங்கு அளவு, இலையில் இருக்கிற ஆசிட். அதோடு இருக்கும் இரும்பு, கந்தக அமிலமும் இரும்பும் சேர்ந்து உண்டான உப்பு. மலம் கருப்பாகப் போவது இரும்பினால், பயப்பட வேண்டாம். பிள்ளை கருப்பாகப் பிறக்காது. சாப்பிட்டபின் போட்டால் குமட்டல் குறையும். டீ, காபியோடு சேர்த்துப் போடாதீர்கள், ஒரு மணி நேரமாவது தள்ளி வையுங்கள், இல்லையென்றால் இரும்பு உடம்பில் சேராது. எலுமிச்சைச் சாறு நல்லது.

நேற்று அந்தப் பெண் மறுபடி படம் அனுப்பினாள். அட்டையில் மூன்று குழி காலி. "அத்தையே எடுத்துக் குடுத்தாங்க டீச்சர்" என்று எழுதியிருந்தாள். "மெய்யாலுமே முழுங்குனியா?" என்று கேட்டேன். சிரிப்புப் பொம்மை நாலு போட்டாள். அவளும் அந்த வேப்பமரத்தடி வகுப்புதான்.

அன்று துப்பியவர்கள் கீழே கமெண்டில் வந்து ஒப்புக்கொள்ளலாம். திட்ட மாட்டேன். பொய்யாகக் குறி போட்டது நானும்தானே. வில்லியனூர் தேர் படங்கள் கேட்டவர்களுக்கு அடுத்த பதிவில் போடுகிறேன்.